வேலிக்கு எத்தனை கதியால்? தொடக்கநிலைக் கணிதப் போட்டிகளின் கணக்குகளை அணுகும் முறை

வன்னியில் இப்போது கணிதப் போட்டி என்ற பேச்சு அடிக்கடி காதில் விழுகிறது. ஆனால் அந்தச் சொல்லால் ஆளுக்கொன்றைக் குறிக்கிறார்கள். ஒருவர் தரம் 5 புலமைப்பரிசில் பரீட்சைக்கான மாதிரி வினாத்தாளை நினைத்துச் சொல்கிறார். இன்னொருவர் ஐந்து இலக்க எண்களை நொடியில் கூட்டப் பழக்கும் அபாகஸ் வகுப்பை நினைத்துச் சொல்கிறார். வேறொருவர் ஒலிம்பியாட் என்று தலைப்பிட்ட எந்தப் பயிற்சிப் புத்தகத்தையும் அதில் சேர்த்துவிடுகிறார். புலமைப்பரிசில் பரீட்சை ஆரம்பக் கல்வியில் படித்ததைப் பரவலாகச் சோதிப்பது. அபாகஸ் எண்களைக் கையாளும் வேகத்தை வளர்ப்பது. போட்டிக் கணக்கு என்று கணித ஆசிரியர்கள் கூறுவது இவை இரண்டிலும் அடங்காத வேறொன்று. அது என்ன, அதற்குள் பிள்ளை எப்படி நுழைகிறது என்பதையே இக்கட்டுரை விளக்குகிறது.

கிளிநொச்சிக்கு அருகேயுள்ள கிராமமொன்றின் வாசிகசாலையில் சனிக்கிழமைப் பிற்பகல்களில் தரம் 4, 5 பிள்ளைகளோடு இக்கணக்குகளைச் செய்து வருகிறேன். பிள்ளைகளைக் கூட்டிச்செல்ல வரும் பெற்றோர் என்னிடம் கேட்பவை பெரும்பாலும் இரண்டு கேள்விகளே. "சேர், பிள்ளைக்கு ஸ்பீட் காணாது, என்ன செய்யலாம்?" என்பது ஒன்று. "எந்தெந்தச் சூத்திரங்களைப் பாடமாக்க வேணும்?" என்பது மற்றையது. இரண்டும் அக்கறையால் பிறந்த கேள்விகள்தான் என்றாலும், போட்டிக் கணக்கின் சிரமம் எங்கே இருக்கிறது என்பதை இரண்டும் தவறவிடுகின்றன.

தார்வீதியும் காட்டுத் தடமும்

கிளிநொச்சியிலிருந்து ஏ9 வீதி வழியாக வவுனியாவுக்குப் போகிறவர் வழியைப் பற்றி யோசிப்பதில்லை. முறிகண்டி, மாங்குளம், புளியங்குளம், ஓமந்தை என்று இடங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வரும். விரைவாகப் போகிறவர் முன்னே போய்ச் சேருவார், அவ்வளவுதான். மாலையில் பட்டிக்குத் திரும்பாத எருமையைத் தேடிக் காட்டுக்குள் போகிறவரின் நிலை வேறு. அவருக்கு வீதி இல்லை. எருமை நேற்று எங்கே மேய்ந்தது, எந்தக் குளத்தில் இன்னும் தண்ணீர் நிற்கிறது, ஈரமண்ணில் பதிந்த குளம்பு இன்றையதா நேற்றையதா என்று ஒவ்வொன்றாகப் பார்த்துத்தான் அவர் அடுத்த அடியை வைக்கிறார். அங்கே ஓடத் தெரிந்தவரைவிடப் பார்க்கத் தெரிந்தவருக்கே எருமை கிடைக்கும்.

பாடப்புத்தகத்தில் ஓர் அத்தியாயத்தின் கீழ் வரும் வினாக்கள் தார்வீதியைப் போன்றவை. பெருக்கல் என்ற தலைப்பின் கீழ், ஓர் ஏக்கரில் 28 மூட்டை நெல் விளைந்தால் 3 ஏக்கரில் எத்தனை மூட்டை என்று கேட்டால், பெருக்க வேண்டும் என்பதைத் தலைப்பே சொல்லிவிடுகிறது. செய்முறை முன்கூட்டியே தெரிந்த இத்தகைய வினாவைப் பயிற்சிக் கணக்கு என்போம். தேவையான அறிவு பிள்ளையிடம் ஏற்கெனவே இருந்தும் அதில் எதை, எந்த ஒழுங்கில் எடுக்க வேண்டும் என்பதை மறைத்து வைத்திருக்கும் வினா போட்டிக் கணக்கு. மறைந்திருப்பதைக் கண்டுபிடித்தபின் எஞ்சும் கூட்டல் கழித்தல் பெரும்பாலும் தரம் 3 பிள்ளைக்கும் கைவந்தவையாகவே இருக்கும்.

ஆகவே போட்டிக் கணக்கு என்பது மேல்வகுப்புக் கணக்கைச் சின்னப் பிள்ளைக்கு முன்கூட்டியே கொடுப்பதன்று. தெரிந்த கணிதத்தைத் தெரியாத இடத்தில் பயன்படுத்தச் சொல்வதே அதன் இயல்பு. இந்த வேறுபாடு மனதில் நின்றால் மேலே வருபவை எளிதாகும்.

கதியால்களும் இடைவெளிகளும்

20 மீற்றர் நீளமான நேர்வேலிக்கு 2 மீற்றருக்கு ஒன்றாகக் கதியால் நட வேண்டும். இரண்டு அந்தங்களிலும் கதியால் இருக்க வேண்டும். எத்தனை கதியால் தேவை? நான் கேட்ட பிள்ளைகளில் பெரும்பாலானோர் 20ஐ 2ஆல் வகுத்து 10 என்றனர். வேலி கட்டுகிற தந்தையோடு நின்ற ஒரு சிறுவன் மட்டும் 11 என்றான். ஏன் என்று கேட்டதற்கு, "கடைசியிலும் ஒண்டு நடவேணும்தானே" என்றான்.

அவன் அனுபவத்தால் அறிந்ததை மற்றவர்கள் அறிய ஒரு வழி இருக்கிறது. 20 மீற்றரை விட்டுவிட்டு 2 மீற்றர் வேலியைக் கீறிப் பார்க்கலாம். அதற்கு 2 கதியால். 4 மீற்றருக்கு 3, 6 மீற்றருக்கு 4. வகுத்து வரும் எண் இடைவெளிகளைத்தான் தருகிறது என்பதும், கதியால்கள் இடைவெளிகளைவிட எப்போதும் ஒன்று கூட என்பதும் மூன்றாவது படத்திலேயே தெரிந்துவிடும். பெரிய எண்ணைக் கண்டு தயங்காமல் அதே கணக்கைச் சின்ன எண்ணில் செய்து பார்க்கும் இந்த உத்தியைச் சிறிதாக்கிப் பார்த்தல் என்று அழைப்போம். போட்டிக் கணக்கில் எங்கே தொடங்குவதென்று தெரியாத பிள்ளைக்கு நான் சொல்லும் முதல் வேலை இதுதான்.

இனி ஒரு மரக்குற்றியை 5 துண்டுகளாக அறுக்க வேண்டும், ஒருமுறை அறுக்க 3 நிமிடம் பிடிக்கும் என்றால் மொத்தம் எவ்வளவு நேரம்? 15 என்று சொல்ல வாய் வரும். ஆனால் 5 துண்டுக்கு 4 வெட்டுத்தான், ஆகவே 12 நிமிடம். துண்டுகள் கதியாலின் இடத்திலும் வெட்டுகள் இடைவெளியின் இடத்திலும் நிற்கின்றன. இது கதியால் கணக்கேதான், உடுப்பு மட்டும் வேறு.

கதியால் கணக்கை "எப்போதும் ஒன்று கூட்டு" என்று பாடமாக்கிய பிள்ளை அடுத்ததில் விழும். வளவைச் சுற்றி 20 மீற்றர் வேலி என்றால், தொடங்கிய கதியாலே முடிகிற கதியாலாகவும் இருப்பதால், 10 போதும். சதுர வளவொன்றில் ஒவ்வொரு பக்கத்திலும் மூலைகள் உட்பட 6 கதியால் தெரிகின்றன என்றால் மொத்தம் 24 அன்று. மூலைக் கதியால்கள் நான்கும் இருமுறை எண்ணப்பட்டதால் 20. ஒன்று கூட்டுவதா, அப்படியே விடுவதா, நான்கு கழிப்பதா என்பதைச் சூத்திரம் சொல்லாது; கீறிய படம் சொல்லும்.

எல்லாம் சைக்கிள் என்று வைத்துக்கொண்டால்

வற்றாப்பளைப் பொங்கலன்று ஒரு வளவுக்குள் சைக்கிள்களும் ஆட்டோக்களுமாக 30 வாகனங்கள் விடப்பட்டிருக்கின்றன. சில்லுகளை எண்ணினால் 74. ஆட்டோ எத்தனை?

மேல்வகுப்பு மாணவர் இதற்கு அட்சரகணிதத்தில் இரண்டு சமன்பாடுகளை எழுதுவர். தரம் 5 பிள்ளைக்கு அது வேண்டியதில்லை. எல்லாமே சைக்கிள் என்று வைத்துக்கொண்டால் 60 சில்லுகள்தான் இருந்திருக்க வேண்டும். உண்மையில் 14 கூடுதலாக இருக்கின்றன. ஒரு சைக்கிளை அகற்றி அந்த இடத்தில் ஓர் ஆட்டோவை வைத்தால் ஒரு சில்லு கூடும். 14 சில்லு கூட வேண்டுமானால் 14 முறை மாற்ற வேண்டும். ஆகவே ஆட்டோ 14, சைக்கிள் 16. சரிபார்த்தால் 42உம் 32உம் சேர்ந்து 74 வருகிறது.

உண்மையில்லாத ஒன்றை வேண்டுமென்றே உண்மை என்று வைத்துக்கொண்டு, அதனால் ஏற்படும் முரணை அளந்து, அந்த அளவைக் கொண்டே உண்மைக்குத் திரும்பும் இம்முறைக்கு எடுகோள் முறை என்று பெயர். இது புதிதன்று. 1500 ஆண்டுகளுக்கு முற்பட்ட சீனக் கணித நூலொன்றில் கூட்டுக்குள் இருக்கும் கோழிகளுக்கும் முயல்களுக்கும் சேர்த்து 35 தலைகள், 94 கால்கள் என்று தந்து இதே வகைக் கேள்வி கேட்கப்பட்டிருக்கிறது. 23 கோழி, 12 முயல் என்ற விடையை வாசகர் தாமே பெற்றுப் பார்க்கலாம்.

இம்முறையைச் சில தனியார் வகுப்புகளில் "சில்லிலிருந்து வாகன எண்ணிக்கையின் இருமடங்கைக் கழி, வருவது ஆட்டோ" என்று ஒரே வரியாகச் சுருக்கிக் கொடுத்துவிடுகிறார்கள். அப்படிக் கற்ற பிள்ளையொன்று வாசிகசாலைக்கு வந்தது. ஆடும் கோழியுமாக 20 தலைகள், 56 கால்கள், ஆடு எத்தனை என்று கேட்டேன். 56இலிருந்து 40ஐக் கழித்து 16 என்று உடனே எழுதியது. 16 ஆடும் 4 கோழியும் என்றால் கால்கள் 72 ஆகிவிடும். கோழியின் இடத்தில் ஆட்டை வைக்கும்போது கூடுவது ஒரு காலன்று, இரண்டு கால். ஆகவே 16ஐ இரண்டால் வகுத்து 8 ஆடு. சுருக்கு வழி ஆட்டோவுக்கு உண்மையாகவும் ஆட்டுக்குப் பொய்யாகவும் போனதற்குக் காரணம், "ஒன்றை மாற்றினால் எவ்வளவு கூடும்" என்ற கேள்வி அதற்குள் இல்லாமற் போனதே. பிள்ளையிடம் பிழை இல்லை. அதற்குக் கிடைத்தது முறையன்று, முறையின் தோல் மட்டும்.

இதுவரை இரண்டு உத்திகளைக் கண்டோம். ஒன்று கணக்கைச் சிறிதாக்குகிறது. மற்றையது கணக்கை எளிதாக்கிப் பின் திருத்துகிறது. இரண்டிலும் பிள்ளை செய்வது, கையில் உள்ள கடினமான கணக்குக்குப் பக்கத்தில் தன்னால் செய்யக்கூடிய வேறொரு கணக்கை வைத்து ஒப்பிடுவதுதான்.

மூட்டை அடுக்கு

நெற்களஞ்சியத்தில் அடிவரிசையில் 10 மூட்டை, அதற்கு மேல் 9, அதற்கு மேல் 8 என்று உச்சியில் ஒன்று வரும்வரை அடுக்கியிருக்கிறார்கள். மொத்தம் எத்தனை? கூட்டினால் வரும், பத்து எண்கள்தானே. 100 வரிசை என்றால் என்ன செய்வது?

அதே போன்ற இன்னோர் அடுக்கைத் தலைகீழாகத் திருப்பிப் பக்கத்தில் வைத்ததாக நினைக்கலாம். அடியில் 10உம் 1உம் சேர்ந்து 11, அடுத்ததில் 9உம் 2உம் சேர்ந்து 11, இப்படியே எல்லா வரிசையும் 11. பத்து வரிசையில் 110 மூட்டை. இரண்டு அடுக்குக்கு 110 என்றால் ஓர் அடுக்குக்கு 55. நூறு வரிசைக்கும் இதே நியாயம்தான்: 100 தடவை 101 என்பதன் பாதி, 5050. இப்படி 1இலிருந்து தொடர்ச்சியாகக் கூட்டி வரும் 1, 3, 6, 10 போன்ற எண்களை, அவற்றை முக்கோணமாக அடுக்க முடிவதால், முக்கோண எண்கள் என்பர்.

ஜேர்மன் கணிதவியலாளர் காஸ் (1777–1855) பள்ளிச் சிறுவனாக இருந்தபோது இந்த நூறு வரைக் கூட்டலை நொடியில் செய்தார் என்றொரு கதை உண்டு. சொல்பவருக்கேற்பக் கதையின் விவரங்கள் மாறும். இக்கதையைச் சொல்லியே பிள்ளைகளைப் பயமுறுத்திவிடுகிறார்கள் என்பது என் எண்ணம், ஏனெனில் கேட்பவர் மனதில் "நொடியில்" என்பதுதான் நிற்கிறது. நொடியில் முடிந்தது அவர் கூட்டாமல் விட்டதால் என்பது நிற்பதில்லை. இத்தகைய தொடர்களைக் கூட்டும் விதியை ஆரியபட்டர் 499ஆம் ஆண்டளவிலேயே எழுதிவைத்திருக்கிறார் என்பதையும் பிள்ளைகளுக்குச் சொல்லலாம்.

மாறாமல் இருப்பதைத் தேடுதல்

இப்போது சொல்லப்போவது போட்டிக் கணக்குகளின் உயிர்நிலை. சற்று நிதானமாகப் பார்ப்போம்.

ஏழு தேங்காய்ச் சிரட்டைகள் வாய் மேலே பார்க்க வரிசையாக வைக்கப்பட்டிருக்கின்றன. ஒவ்வொரு முறையும் சரியாக இரண்டு சிரட்டைகளைத் திருப்ப வேண்டும். மேலே பார்ப்பது கவிழும், கவிழ்ந்தது நிமிரும். ஒரு முறை திருப்பியதை மறுபடியும் திருப்பலாம். ஏழும் கவிழ்ந்த நிலைக்கு எத்தனை முறையில் வரலாம்?

உண்மையான சிரட்டைகளைக் கொடுத்து விட்டுவிட்டால் பிள்ளைகள் அரைமணி நேரம் திருப்பிக்கொண்டே இருப்பார்கள். ஆறு கவிழும்; ஏழாவது மட்டும் நிமிர்ந்து நிற்கும். அதைத் திருப்பினால் இன்னொன்று நிமிரும். "இன்னும் ஒருக்கா, சேர்" என்பார்கள். சற்று நேரம் போகட்டும். பிறகு ஒரு தாளில் ஒவ்வொரு முறைக்கும் பின் கவிழ்ந்திருப்பவை எத்தனை என்று எழுதச் சொல்ல வேண்டும். 0, 2, 4, 4, 6, 4, 6 என்று தாள் நிறையும். யாராவது ஒரு பிள்ளை அதைப் பார்த்து, "எல்லாம் இரட்டை எண்" என்று சொல்லும். அந்தச் சொல் வரும்வரை ஆசிரியர் வாய் திறக்கக் கூடாது. எனக்கு மிகக் கடினமான வேலை அதுதான்.

ஏன் எப்போதும் இரட்டை? நிமிர்ந்த இரண்டைத் திருப்பினால் கவிழ்ந்தவை இரண்டு கூடும். கவிழ்ந்த இரண்டைத் திருப்பினால் இரண்டு குறையும். நிமிர்ந்தது ஒன்றும் கவிழ்ந்தது ஒன்றும் திருப்பினால் எண்ணிக்கை அப்படியே இருக்கும். நான்காவது வகைத் திருப்பல் கிடையாது. 0 என்ற இரட்டையில் தொடங்கியது இரண்டிரண்டாகவே கூடிக் குறைவதால் ஒருபோதும் ஒற்றைக்கு வராது. 7 ஒற்றை எண். ஆகவே எத்தனை முறை திருப்பினாலும் ஏழையும் கவிழ்க்க முடியாது.

சிரட்டைகள் மாறிக்கொண்டே இருக்க, கவிழ்ந்தவற்றின் எண்ணிக்கை இரட்டை என்பது மட்டும் மாறவில்லை. எந்த அசைவுக்கும் அசையாமல் நிற்கும் இத்தகைய இயல்புக்கு மாறாப் பண்பு என்று பெயர். எருமை தேடுகிறவர் எங்கெல்லாம் போயிருக்கும் என்று அலைவதை விட்டுவிட்டு, ஆற்றைக் கடந்திருக்க முடியாது என்பதை முதலில் உறுதிசெய்துகொண்டால் பாதிக் காடு தேட வேண்டியதில்லாமற் போவது போன்றது இது. "முடியாது" என்பதும் ஒரு விடை, அதற்கும் நிறுவல் உண்டு என்பது பிள்ளைகளுக்குப் பெரிய வியப்பு. பயிற்சிக் கணக்கில் அவர்கள் அப்படியொரு விடையைக் கண்டதேயில்லை. நிறுவல் என்பது ஒரு கூற்று ஏன் எப்போதும் உண்மை என்பதற்கான, இடையில் ஓட்டையில்லாத காரணத் தொடர்.

இதை மூட்டை அடுக்கோடு இணைக்கலாம். 1 முதல் 10 வரையான எண்களை வரிசையாக எழுதி அவற்றுக்கு முன்னால் கூட்டல் அல்லது கழித்தல் குறியை விருப்பம்போல் இட்டு 0 வரச் செய்யலாமா? எல்லாம் கூட்டல் என்றால் 55. ஓர் எண்ணின் குறியைக் கழித்தலாக்கினால் மொத்தம் அந்த எண்ணின் இருமடங்கால் குறையும். இருமடங்கு எப்போதும் இரட்டை. ஒற்றையான 55இலிருந்து இரட்டைகளையே கழித்துக்கொண்டு போனால் 0ஐ அடைய முடியாது. கதை வேறு, பொருள் வேறு, உள்ளே நிற்கும் காரணம் ஒன்றே.

இருட்டில் எடுத்த போளைகள்

பைக்குள் சிவப்பு, நீலம், மஞ்சள் நிறங்களில் பத்துப் பத்துப் போளைகள். பார்க்காமல் எடுக்க வேண்டும். ஒரே நிறத்தில் இரண்டு கையில் நிச்சயமாக இருக்க எத்தனை எடுக்க வேண்டும்?

இங்கே தடை கணிதமன்று, "நிச்சயமாக" என்ற சொல். "ரெண்டு எடுத்தாலே வரலாம்" என்று பிள்ளைகள் சொல்வார்கள். வரலாம், வராமலும் போகலாம். அதிர்ஷ்டம் எவ்வளவு மோசமாக இருந்தாலும் கிடைக்க வேண்டும் என்பதே வினாவின் பொருள். மிக மோசமான நிலையில் முதல் மூன்றும் மூன்று நிறமாக வரும். நான்காவது எந்த நிறமாக இருந்தாலும் அவற்றில் ஒன்றோடு சேர்ந்துதான் ஆக வேண்டும். விடை 4. கூடுகளைவிடப் புறாக்கள் அதிகமானால் ஏதோ ஒரு கூட்டில் இரண்டாவது இருக்கும் என்ற இக்கருத்தைப் புறாக்கூட்டுத் தத்துவம் என்பர். டிரிஷ்லே என்ற கணிதவியலாளர் 1834இல் இதைப் பயன்படுத்தியதால் அவர் பெயராலும் வழங்குகிறது.

அதே பையிலிருந்து இரண்டு சிவப்பு நிச்சயமாக வேண்டுமானால் 22 எடுக்க வேண்டும். நீலமும் மஞ்சளும் இருபதும் முதலில் வந்து தொலையலாம் அல்லவா? 30 பிள்ளைகள் உள்ள வகுப்பில் ஏதோ ஒரு மாதத்தில் குறைந்தது மூவராவது பிறந்திருப்பர், ஏனெனில் மாதத்துக்கு இருவர் என்றால் 24 பேருக்குத்தான் இடம்.

பின்னோக்கி நடப்பது பற்றி ஒரு குறிப்பு

ஒரு பெண் விளாம்பழக் கடகத்தோடு மூன்று வீடுகளுக்குப் போனாள். ஒவ்வொரு வீட்டிலும் தன்னிடம் இருந்தவற்றில் பாதியையும் மேலும் ஒன்றையும் கொடுத்தாள். கடைசியில் ஒன்று மிஞ்சியது. தொடக்கத்தில் எத்தனை? முன்னிருந்து தொடங்கினால் எதுவும் தெரியாது; பின்னிருந்து தொடங்கினால் எல்லாம் தெரியும். மேலதிகமாகக் கொடுத்த ஒன்றைத் திரும்ப வாங்கி, வருவதை இருமடங்காக்க வேண்டும்: 1இலிருந்து 4, 4இலிருந்து 10, 10இலிருந்து 22. இவ்வகைக் கணக்கில் ஒழுங்குதான் பிழைக்கும் இடம். கொடுத்தபோது பாதி முதலில், ஒன்று பிறகு. திரும்ப வாங்கும்போது ஒன்று முதலில், இருமடங்கு பிறகு.

வினாவின் தமிழ்

போட்டி வினாக்கள் பலவும் வேறு மொழிகளிலிருந்து தமிழுக்கு வருபவை. கணக்குத் தெரிந்தும் வினாவின் சொல்லில் இடறும் பிள்ளைகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். "குறைந்தது 5 பேர்" என்பதை ஐந்து பேர் குறைந்துவிட்டதாக வாசித்த பிள்ளையைக் குறைசொல்ல முடியாது. பேச்சில் அச்சொல்லுக்கு அதுதான் முதற்பொருள். "குறைந்தது" என்றால் ஐந்தும் அதற்கு மேலும், "கூடியது" என்றால் ஐந்தும் அதற்குக் கீழும் என்று ஒருமுறை தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். "இருமடங்கு" என்பதும் "இருமடங்கால் அதிகம்" என்பதும் ஒன்றல்ல என்பதை எழுதுபவர்களே மறந்துவிடுகிறார்கள்.

நாட்களை எண்ணுவதில் நம் வழக்கமே ஒரு பொறி. கோயிலில் கொடியேறிய நாள் முதலாம் திருவிழா. திங்கட்கிழமை கொடியேறினால் பத்தாம் திருவிழா அடுத்த வாரம் புதன்கிழமை. இடையில் கழிந்தவை 9 நாட்களே. இவ்வாறு தொடக்க நாளையும் சேர்த்து எண்ணிப் பழகிய பிள்ளையிடம், திங்களன்று தண்ணீர் பாய்ச்சியவர் 3 நாட்களுக்கு ஒருமுறை பாய்ச்சினால் அடுத்தது எப்போது என்று கேட்டால் புதன் என்கிறது. கணக்கு எதிர்பார்ப்பது வியாழன். திருவிழா கதியால்களை எண்ணுகிறது, வயல் இடைவெளிகளை எண்ணுகிறது என்று சொன்னபோது பிள்ளைகள் சிரித்தார்கள். அதன் பிறகு அந்தத் தவறு குறைந்தது.

வேகத்தைப் பற்றி

வேகம் தேவையே இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. தொடக்கநிலைப் போட்டிகள் பலவற்றில் பல்தேர்வு வினாக்கள் குறுகிய நேரத்துக்குள் கேட்கப்படுகின்றன. அமெரிக்காவில் தரம் 8உம் அதற்குக் கீழும் உள்ளவர்களுக்கு நடத்தப்படும் ஏஎம்சி 8 போட்டியில் 40 நிமிடத்தில் 25 வினாக்கள். ஆனால் இந்தப் பாதை எங்கே போகிறது என்று பார்த்தால் நிலைமை தலைகீழாகிவிடும். 1959இல் ருமேனியாவில் தொடங்கிய சர்வதேச கணித ஒலிம்பியாட்டில், பல்கலைக்கழகத்துக்கு முந்திய மாணவர்களுக்கு ஒரு நாளைக்கு மூன்று வினாக்களே. அவற்றுக்கு நான்கரை மணி நேரம். ஒரு கணக்கோடு ஒன்றரை மணி நேரம் அமர்ந்திருக்கப் பழகாதவருக்கு அங்கே வேலையில்லை. பத்து வயதில் எந்தக் கணக்கையும் இரண்டு நிமிடத்தில் முடிக்கவோ விடவோ பழக்கப்பட்ட பிள்ளை, பின்னாளில் அந்தப் பொறுமையைப் புதிதாகக் கற்க வேண்டியிருக்கும்.

வீட்டில் உதவ விரும்பும் பெற்றோருக்கு மேல்வகுப்புக் கணிதம் தெரிந்திருக்க வேண்டியதில்லை. வினாவை உன் சொல்லில் சொல்லு, இதைவிடச் சின்னதாக ஒன்று செய்து பார்ப்போமா, எது மாறுகிறது எது மாறவில்லை என்று மூன்றைக் கேட்டுவிட்டு அடுப்பு வேலையைப் பார்க்கலாம். விடையைச் சொல்லிவிடுவது உதவியன்று. ஒரு வாரம் கிடந்தாலும் கிடக்கட்டும்.

விடை வந்த பிறகு

கணக்குத் தீர்க்கும் வேலையை ஹங்கேரியில் பிறந்த கணிதவியலாளர் ஜோர்ஜ் போல்யா (1887–1985) நான்கு கட்டங்களாகப் பிரித்தார்: வினாவை விளங்கிக்கொள்ளல், வழியொன்றைத் திட்டமிடல், அதைச் செய்துமுடித்தல், திரும்பிப் பார்த்தல். முதல் மூன்றையும் எப்படியோ எல்லோரும் செய்கிறார்கள். நான்காவதைக் கிட்டத்தட்ட எவரும் செய்வதில்லை, விடை வந்ததும் அடுத்த கணக்குக்குப் போய்விடுகிறார்கள். திரும்பிப் பார்த்தல் என்பது விடையைச் சரிபார்ப்பதோடு நிற்பதன்று. எண்ணை மாற்றினால் என்னாகும், விதியை மாற்றினால் என்னாகும், இதே காரணம் வேறெங்கே செல்லும் என்று கேட்பது.

சிரட்டைக் கணக்கைச் செய்துமுடித்த அன்று, எல்லோரும் சிரட்டைகளை அடுக்கிக்கொண்டிருக்கையில், அதிகம் பேசாத ஒரு சிறுமி, "இரண்டிரண்டாய் இல்லாமல் மூண்டு மூண்டாய்த் திருப்பினால், சேர்?" என்று கேட்டாள். எனக்கே உடனே தெரியவில்லை, மறுபடி அமர்ந்தோம். ஒரு முறையில் மூன்று சிரட்டைகள் திரும்புவதால் கவிழ்ந்தவற்றின் எண்ணிக்கை ஒவ்வொரு முறையும் ஒற்றைக்கும் இரட்டைக்குமாக மாறிமாறித் தாவும். 7 ஒற்றை என்பதால் ஒற்றையான தடவைகள் வேண்டும். ஒரு தடவை காணாது, ஆகவே குறைந்தது மூன்று. மூன்று தடவையில் மொத்தம் ஒன்பது திருப்பல்கள், சிரட்டைகளோ ஏழு. அந்த மிகுதி இரண்டை எங்கே வைப்பது என்று யோசித்துக்கொண்டிருந்தவள், முதலாவது சிரட்டையை மூன்று தடவையும் திருப்பி, மற்ற ஆறையும் இரண்டிரண்டாக அதனோடு சேர்த்தாள். முதலாவது கவிழ்ந்து, நிமிர்ந்து, மறுபடி கவிழ்ந்தது. ஏழும் கவிழ்ந்து கிடந்தன.

பிறகு எட்டாவது சிரட்டையொன்றைத் தேடி எடுத்து வரிசையின் கடைசியில் வைத்தாள். அதற்குள் அவளுடைய தகப்பனார் சைக்கிளில் வந்துவிட்டார்.